கேட்பதை விட்டவன்

சின்னவன் கேட்பதை விட்டுவிட்டான் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவனுடைய அண்ணிதான். அதுவும் படுத்த படுக்கையில் இருந்துகொண்டு.

முதுகில் ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பியிருந்தாள். குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, ஆளைத் தூக்குவது என்ற பேச்சே இனிமேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கட்டிய கயிற்றில் தொங்கின. சின்னவனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், அவள் கணவர் போர்மேன் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆபரேஷன் சமயத்தில் அவனைக் கொண்டுபோய் விட்டிருந்த இல்லத்திலிருந்து ஆட்டோ வைத்து அழைத்து வந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கைப்பிடி போட்ட நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். ரொட்டியும் முட்டையும் தின்றான். டீ குடித்தான். "அண்ணி படுத்திருக்கா, அண்ணி படுத்திருக்கா" என்று பெரிய வேடிக்கையைக் கண்டவன்போலச் சிரித்தான். மத்தியானம் கழிந்தது.

"ஏங்க," என்றாள் அவள். "இவன் வந்ததிலேர்ந்து ஒரு தடவைகூடப் போகணும்னு கேக்கலை."

"வராம இருந்திருக்கும்."

"ரெண்டு டம்ளர் டீ குடிச்சிருக்கான். வராம எங்க போகும், ஆவியாப் போகுமா? கிட்ட வந்து பாருங்க."

போர்மேன் கிட்டே போனார். வாடை வந்தது. கால்சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிப் பொதபொதவென்று ஏதோ கனத்துக்கிடந்தது.

"டேய்," என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "ஏன்டா கேக்கலை?"

சின்னவன் சிரிப்பை நிறுத்தினான். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "கேக்கக் கூடாது. அதுலயே போகணும்" என்றான்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அழாதவள், அப்போது அழுதாள்.

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சின்னவனுக்கு இருபது வயதிருக்கும். பிறக்கும்போதே கொடி சுற்றி, மூச்சு முட்டிப் பிறந்தவன். கால் இரண்டும் பின்னல் போட்டதுபோல் இருக்கும். பேச்சு இழுத்து இழுத்து வரும். பின்கட்டில் ஓர் அறையில், கிழிந்த துணிகளைச் சுற்றி அவனைப் போட்டிருந்தார்கள். சோறு நேரத்துக்குப் போகும், துணி நேரத்துக்கு மாறும், யாரும் அடித்ததில்லை. ஆனால் அவனுக்குக் கேட்கத் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்தவளுக்குத் தோன்றியது. சமையலுக்கு நடுவே, துணிக்கு நடுவே, நேரம் பார்த்து அவனைக் கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப் போவாள், உட்கார வைப்பாள், காத்திருப்பாள். வந்தால் கை தட்டுவாள். வராவிட்டால் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவை நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் ஒரு நாள் அடுப்படி வாசலில் நின்று, "அண்ணி, போகணும்" என்றான். அன்றைக்கு அவள் பாலைப் பொங்கவிட்டுவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் கால்சட்டையை நனைத்ததில்லை. காய்ச்சலில்கூட.

இதை வெளியில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால், அதற்கு முன்னால் இருந்ததையும் சொல்ல வேண்டி வரும். அந்தக் குடும்பத்தில் அப்படியொரு பழக்கம் கிடையாது.

போர்மேன் பஸ் டெப்போ பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைப் போர்மேன் என்றுதான் கூப்பிடும். வீட்டில் இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. இத்தனை வருஷத்தில் தம்பியைப் பற்றி யாரிடமும் இரக்கமாக ஒரு வார்த்தை வாங்கியவரில்லை. சின்னவனையும் அப்படியே பழக்கியிருந்தார். வெளியாள் யார் வந்து என்ன கேட்டாலும் அவன் கை கூப்பி, "நல்லா இருக்கேங்க, ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லுவான். பல் விளக்காமல் இருந்தாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டான்.

ஞாயிறு சாயங்காலம் வேறு வழியில்லாமல் சின்னவனை இல்லத்தில் திரும்ப விட்டார். மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கே போனார்.

பெரிய தெருவின் முனையில் இரண்டு மாடி வீடு. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு முடியாமல் போனால், கொஞ்ச நாள் கொண்டுவந்து விடலாம். பிடித்திருந்தால் அங்கேயே, துணைக்கு ஆள் இருக்க, தன் பாட்டுக்கு வாழலாம். ஆஸ்பத்திரியில்தான் இந்த இடத்தைச் சொன்னார்கள். சுவரில் சூரியகாந்திப் பூ வரைந்திருந்தது. 'இது உங்கள் வீடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றான். நல்ல வாசனை போட்டிருந்தான்.

"என் தம்பிக்கு எதுக்கு டயப்பர்?" என்றார் போர்மேன், உட்காராமல்.

"உக்காருங்க சார். ராத்திரிக்கு மட்டும்தான்..."

"பகல்ல இருக்கு. நான் பாத்தேன்."

"வயசாகுதுல்ல சார். அம்பது தாண்டினா இந்த மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் இயல்புதான். கட்டுப்பாடு தானா குறைஞ்சிட்டே வரும். நாம ஏத்துக்கணும்."

"இங்க வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் கேட்டுப் போனவன். ஒரே வாரத்துல வயசாயிடுச்சா?"

மேனேஜர் சிரித்தான். "ஆளு பத்தலை சார். இந்த மழையில துணி காய மாட்டேங்குது. ஒவ்வொருத்தரையும் எழுப்பி, நடத்தி, உக்கார வெச்சு... உங்க வீட்ல ஒருத்தருக்கு ஒருத்தர். இங்க அப்படி முடியுமா? சரி, அதை விடுங்க. நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். வர்ற வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன். இல்லத்தோட தரம் எப்படி இருக்குன்னு மதிப்பீடு பண்ண வர்றாங்க. குடும்பத்தார் சார்பா ஒருத்தர் பேசணும். உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன்."

"என் பேரையா?"

"உங்களை மாதிரி மரியாதையான குடும்பம் இங்க வேற யாரு சார் இருக்காங்க? நல்ல கிரேடு வந்துட்டா, உங்க தம்பிக்கு நிரந்தரமா இடம் போட்டுடலாம். உங்க வீட்டம்மாவால இனிமே தூக்க முடியாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரே. வீட்ல வேற யாரு சார் தூக்குவா?"

தன் கௌரவத்தைப் பிடித்து அவன் தன்னையே ஆட்டுகிறான் என்பது போர்மேனுக்குப் புரிந்தது. கோபம் காது வரைக்கும் ஏறியது. வாய்க்குத்தான் வரவில்லை. குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள்:

"சொல்வீங்களா?"

"என்னத்தைச் சொல்றது?"

"நடந்ததை."

"முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்டப் போய், என் தம்பி கால்சட்டையில போறான்னு சொல்லச் சொல்றியா? எங்க அப்பா பேரு என்ன, தாத்தா பேரு என்ன?"

"அவங்க யாரும் வந்து அவனைக் கூட்டிட்டுப் போகப்போறதில்லை."

"பேச்சைப் பாரு."

"பேசாம இருந்து என்ன கண்டோம்? இத்தனை வருஷமா கௌரவத்தை நீங்க பாத்துக்கிட்டீங்க. கழுவினது நான்." அவள் மூச்சு வாங்கினாள். பேசினாலும் முதுகு இழுத்தது. "ஒரு நாளாவது உங்க கை நனைஞ்சிருக்கா? நான் குறை சொல்லலை. அவன் சொல்லக் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, போகணும்கறது. அதையும் பிடுங்கிட்டாங்க. நல்ல கிரேடு கேக்கறது அவங்க. அதைக் குடுக்க வேண்டியவன் அவன்தானே?"

போர்மேன் கடைசிப் பொத்தானை இரண்டு தரம் தப்பாகப் போட்டார்.

"டீ ஆறிப் போச்சு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அவள். கோபத்திலும் அதைச் சொல்ல மறக்கவில்லை.

இல்லத்து வாசலில் கால் வைத்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. டெப்போவில் இன்ஸ்பெக்ஷன் என்றால் முந்தின நாள் அவர் செய்யாத வேலையா? எண்ணெய்க் கறை மேல் மரத்தூள் தூவுவது, ஓடாத வண்டிகளைக் கட்டி இழுத்து ஊருக்கு வெளியே நிறுத்துவது, சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது. இங்கேயும் பெயின்ட் வாடை. கட்டில்களில் புதுப் படுக்கை விரிப்பு, கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. மேசை மேல் பழங்கள். அதில் ஒன்றைச் சின்னவன் எடுக்கப் போக, ஆயா அவன் கையை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"மாடியில ஒருத்தர் கத்திக்கிட்டே இருப்பாரே, அவர் எங்க?" என்றார் போர்மேன்.

"அவரை வெளிய காத்தாடக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றாள் ஆயா.

"இந்த மழையிலயா?"

ஆயா மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் பழத்தட்டைச் சரி செய்தான்.

"ஓடாத வண்டியை ரோட்டுக்கு அனுப்பிட்டீங்க" என்றார் போர்மேன். அவனுக்கு அது புரியவில்லை.

மதிப்பீட்டுக்கு வந்தவள் நடுத்தர வயதுப் பெண். செருப்பு மழையில் ஊறி சப் சப் என்று ஒலித்தது. கையில் டேப்லெட். மேனேஜர் காட்டிய இடங்களையெல்லாம் பார்த்தாள், தலையாட்டினாள். மாடியில் காலியாகக் கிடந்த கட்டிலைப் பற்றிக் கேட்டபோது, ஆள் வெளியே காற்றாடப் போயிருப்பதாக மேனேஜர் சொன்னான். பிறகு சின்னவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல விதமாகத்தான் கேட்டாள்.

"இங்க எப்படி இருக்கீங்க?"

சின்னவன் கை கூப்பினான். "நல்லா இருக்கேங்க. ஒரு குறையும் இல்லைங்க."

"சாப்பாடெல்லாம்?"

"ஒரு குறையும் இல்லைங்க."

"பாத்ரூம் போகணும்னா கூட்டிட்டுப் போறாங்களா?"

"நல்லா இருக்கேங்க."

"எவ்வளவு மரியாதை பாருங்க மேடம்" என்றாள் ஆயா. "எல்லாம் வளர்ப்பு."

மேனேஜர் போர்மேனைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் பெண்ணின் விரல் டேப்லெட்டில் ஒவ்வொரு கேள்வியாகத் தொட்டுக்கொண்டே போனது. போர்மேனின் காதில் ஒலித்தது தம்பியின் குரல் அல்ல, தன்னுடைய குரல். இப்படிச் சொல், கையைக் கூப்பு, இன்னும் சத்தமாக என்று அவர்தான் மல்லுக்கட்டிச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அதையே எடுத்து இந்த வாசனை மேனேஜர் சட்டையில் மெடலாகக் குத்திக்கொள்கிறான்.

"சார், குடும்பத்தார்னு உங்க பேரு இருக்கு" என்றாள் அந்தப் பெண். "நீங்க என்ன சொல்றீங்க?"

போர்மேன் எழுந்து நின்றார். டெப்போவில் மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

"அவன் சொன்னதை அழிங்க."

"சார்?"

"நல்லா இருக்கேன்னு சொன்னான் இல்ல, அதை அழிங்க. வெளியாளுக்குச் சொல்ல நான் பழக்கினது அது. நாளைக்கு வீடு பத்தி எரிஞ்சாலும் அதைத்தான் சொல்வான்." அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் தம்பி மூத்திரம் வந்தா கேட்டுப் போறவன். மலம் வந்தாலும் கேட்டுப் போறவன். என் பொண்டாட்டி வருஷக்கணக்கா உக்காந்து அதைச் சொல்லிக்குடுத்தா. இங்க கொண்டாந்து விட்டோம். கேக்கக் கூடாது, டயப்பர்லயே போகணும்னு சொல்லி, டயப்பரை மாட்டிவிட்டிருக்காங்க. இப்ப கேக்கறதை விட்டுட்டான்."

"சார், இதெல்லாம் தனியாப் பேசிக்கலாம்" என்று மேனேஜர் எழுந்தான்.

"தனியாத்தான் பேசினேன், திங்கட்கிழமை. வயசாயிடுச்சுன்னே. உக்காரு."

"மேடம், பெரியவர் மனசு கஷ்டத்துல இருக்கார். வீட்டம்மாவுக்கு ஆபரேஷன். இவங்க தம்பிக்குக் கேக்கவே தெரியாது, நாங்க எத்தனையோ தடவை..."

"தெரியாதா?" போர்மேனின் குரல் ஏறியது. "அடுப்படியில வந்து நின்னு கேட்டவன்யா அவன். உன் வசதிக்கு அவனை மறுபடியும் கைக்குழந்தையாக்கிட்டு, தெரியாதுன்னா சொல்றே?"

அண்ணன் பத்துப் பேர் முன்னால் அந்தச் சொற்களைச் சொல்லிச் சின்னவன் கேட்டதில்லை. அவரையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவருடைய சட்டைக் கையை எட்டி இழுத்தான்.

"அண்ணா."

"என்னடா?"

"போகணும்."

போர்மேனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எங்க? வீட்டுக்கா?"

"போகணும்ணா. வருது."

அந்தப் பெண் முதலில் எழுந்தாள். "எந்தப் பக்கம்?"

"பின்னால பெரிய பாத்ரூம் இருக்கு மேடம், வீல்சேர் கொண்டு வரச் சொல்றேன்" என்றான் மேனேஜர்.

சின்னவன் அதற்குள் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழ முயன்றான். எதிரே இருந்த கதவைக் காட்டினான். போர்மேன் ஒரு பக்கமும் அந்தப் பெண் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பின்னிய கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவன் நடந்தான். ஆயா கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது வேண்டாம் சார், தண்ணி வரலை."

"திறங்க" என்றாள் அந்தப் பெண்.

கதவு பாதிதான் திறந்தது. உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். எல்லாம் டயப்பர் பெட்டிகள். பீங்கான் தொட்டி இருந்த இடமே தெரியவில்லை, அதன் மேலும் பெட்டிகள்.

"ஸ்டோர் ரூம் ஒழுகுது மேடம்" என்றான் மேனேஜர். "மழைக்காகத் தற்காலிகமா வெச்சிருக்கோம்."

"எப்பலேர்ந்து?"

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆயா, யார் முகத்தையும் பார்க்காமல், "நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து இப்படித்தான் இருக்கு மேடம்" என்றாள்.

போர்மேன் தம்பியின் கையைச் சுவரில் பதித்திருந்த கம்பியில் பிடிக்க வைத்துவிட்டு, பெட்டிகளை இழுத்தார். ஒன்றைத் தூக்கிக் கூடத்தில் எறிந்தார். அடுத்ததையும் எறிந்தார். ஒரு பெட்டி வெடித்து வெள்ளை வெள்ளையாகச் சிதறியது. அந்தப் பெண் டேப்லெட்டைத் தரையில் வைத்துவிட்டு, அவர் எறியாமல் விட்டதையெல்லாம் எடுத்து வெளியே கடத்தினாள்.

"அண்ணா, வருது."

"இருடா. இதோ ஆச்சு."

"வருதுண்ணா."

"பல்லைக் கடிச்சுக்கோடா. ரெண்டே பெட்டி."

பின்னால் பேச்சில்லை. போர்மேன் திரும்பினார். சின்னவனின் கால்சட்டை நனைந்து, தரையில் ஈரம் அவன் செருப்பைச் சுற்றிப் பரவிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்காக இன்றைக்கு அவனுக்கு டயப்பர் மாட்டவில்லை. அவன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கேட்டேன்ல அண்ணா? கேட்டுட்டேன்ல?"

இந்த மாதிரி நேரத்தில் கதவைச் சாத்துவதும் ஆட்களை விரட்டுவதும்தான் போர்மேனுக்குத் தெரிந்த வேலை. 'எல்லாரும் வெளிய போங்க' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார்.

"கேட்டேடா. சரியாத்தான் கேட்டே. உன் மேல தப்பே இல்லை." அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அவன் கேட்டான்மா. நீங்க காதால கேட்டீங்க. அதை எழுதுங்க. போக இடமில்லாம நின்னான், அதையும் எழுதுங்க. சொன்னது யாருன்னு என் பேரை முழுசாப் போடுங்க, எங்க அப்பா பேரோட. மறைக்க வேண்டாம்."

"எழுதறேன் சார்" என்றாள் அவள். அவளுடைய செருப்பும் நனைந்திருந்தது. அவள் நகரவில்லை. "மாடியில இருக்கறவரையும் கூட்டிட்டு வாங்க" என்று மேனேஜரிடம் சொன்னாள். "காத்தாடினது போதும்."

"சாயங்காலம் இவனை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் போர்மேன்.

"வீட்ல யாரு சார் தூக்குவா?" மேனேஜரின் குரலில் இப்போது வாசனை இல்லை.

"நான்."

ஆயா பழக்க தோஷத்தில், சிதறிக் கிடந்ததிலிருந்து ஒரு டயப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அதைக் கீழ போடும்மா. வேற கால்சட்டை இருந்தா கொண்டா."

மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளையும் காலால் தள்ளிவிட்டு, தம்பியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திருகினார். தண்ணீர் நன்றாகவே வந்தது. இஸ்திரி போட்ட சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ் எஞ்சினை இருட்டில் பிரித்துப் பூட்டிய கை, குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"டேய், அண்ணி முதல்ல என்ன செய்வா?"

சின்னவன் மூக்கை உறிஞ்சினான். அண்ணனை மேலும் கீழும் பார்த்தான்.

"முதல்ல உக்கார வெப்பா."

உட்கார வைத்தார்.

"அப்புறம் எடது காலை எடுப்பா. வலது எடுத்தா விழுந்துடுவேன்." கொஞ்சம் யோசித்தான். "நீ தப்பான பக்கம் நிக்கறே அண்ணா."

போர்மேன் மறுபக்கம் வந்து ஈரத் தரையில் முட்டி போட்டார்.